நாகேந்திரம் எழுதிய ஆறு வசனங்கள்

நாகேந்திரத்துக்குச் சிங்களம் எழுத வாசிக்கத் தெரியும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் அவருடைய ஒழுங்கையில், ஒரு காலத்தில் இதை வசையாகச் சொன்னார்கள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் அதுவே அவருடைய முகவரியாகிவிட்டது. காலை ஆறரைக்கே படலையில் ஆள் நிற்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருப்பவர்கள், அவர்களுக்கு அறை கொடுத்தவர்கள், எல்லோர் கையிலும் ஒரு தாள். வீட்டில் இருப்போரின் விபரத்தைப் பொலிஸுக்குக் கொடுக்கும் படிவம், ஆஸ்பத்திரித் துண்டு, ஏதோ ஒரு திணைக்களத்தின் இரண்டாவது நினைவூட்டல். எல்லாம் சிங்களத்தில்.

தமிழும் அரசகரும மொழி என்று சட்டம் வந்து பத்து வருடம் கடந்திருந்தது. சட்டத்தை நாகேந்திரம் வாசித்திருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சட்டம் இருக்கிறது என்பதும் அது நடக்கிறது என்பதும் இரண்டு வேறு விசயங்கள் என்று அவர் நினைப்பார். நினைத்துக்கொண்டே அடுத்த படிவத்தை நிரப்புவார்.

அவர் பல் விளக்க முன்னர் வந்து நிற்பவர்களில் சிலரை அவருக்கு நெடுங்காலமாகத் தெரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கத் திணைக்களமொன்றில் அவர்களும் அவரும் ஒரே அறையில் எழுதுவினைஞர்களாக இருந்தவர்கள். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்று வந்தபோது, தமிழ் எழுதுவினைஞர்களில் பெரும்பாலோர் எழுதுவதில்லை என்று தீர்மானித்தார்கள். நாகேந்திரம் எழுதினார். வீட்டில் கலியாணம் ஆகாத இரண்டு தங்கைகள் இருந்தார்கள் என்பதுதான் காரணம். அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது முயற்சியில் சித்தியடைந்த அன்று அவருடைய மேசையில் சிங்கள அரிச்சுவடி ஒன்றும் ஒரு சிலேற்றுப் பென்சிலும் இருந்தன. வைத்தவர் அதே அறையில் இருந்த தங்கையா. அன்றைக்கே தங்கையா அவரை 'மாத்தயா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். சிங்களவர்கள் துரைமாரை அழைக்கிற சொல் அது.

தங்கையா கடைசிவரை பரீட்சை எழுதவில்லை. பாதிப் பென்சனோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஆங்கிலம் படிப்பித்தார். நாகேந்திரத்தின் தேர்ச்சியாலும் பெரிதாக ஒன்றும் விளைந்துவிடவில்லை. சம்பளம் ஏறியது, பதவி ஏறவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவருடைய வீட்டைக் கொளுத்த வந்தவர்கள் தேர்ச்சிச் சான்றிதழைக் கேட்கவுமில்லை. எழுதியவனும் எழுதாதவனும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள் என்று அவர் சில நேரம் யோசிப்பார். அந்த யோசனையில் அவருக்கு ஆறுதல் கிடைத்ததில்லை.

படிவங்களாவது பரவாயில்லை. சோதனைச் சாவடிகள்தான் அவருடைய உயிரை எடுத்தன. ஆமிக்காரன் கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரியாது, கூட வாருங்கோ என்று மருந்துக்கடைக்குப் போகிறவர்களும் அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் மூன்று தரம் காலி வீதிக்கு நடந்த பிறகு, கால் வீங்கிய கோபத்தில், ஒரு தாளை எடுத்து ஆறு சிங்கள வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதினார். பெயர் என்ன, எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறேன், எதற்காக வந்தேன், பொலிஸில் பதிந்திருக்கிறேன், எப்போது திரும்புவேன். பெயர், ஊர் வரும் இடங்களில் புள்ளிக்கோடு. பாடமாக்கிக்கொண்டு என்னை விடுங்கள் என்றார்.

மூலைக் கடையில் போட்டோக்கொப்பி இயந்திரம் வைத்திருந்த மஹ்ரூப்பிடம் பத்துப் பிரதி எடுக்கக் கொடுத்தார். மஹ்ரூப் கொம்பனித்தெருக்காரன். தாய் மலாய், தகப்பன் சோனகர். வீட்டில் மலாய், கடையில் தமிழ், வீதியில் சிங்களம், ரசீதில் ஆங்கிலம் என்று அவன் பாட்டில் வாழ்கிறவன். எந்த மொழியும் அவனுடைய நித்திரையைக் கெடுத்ததில்லை. நல்ல காரியம்தானே என்று நினைத்து, நாகேந்திரத்திடம் கேட்காமலே இன்னும் இருநூறு பிரதி எடுத்துக் கடையில் அடுக்கிவிட்டான். இரண்டு கிழமையில் அந்தத் தாள் பம்பலப்பிட்டிக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போய்விட்டது.

இதில் ஒரு பிழை இருந்தது. நாகேந்திரம் சிங்களம் படித்தது பரீட்சைக்கு. முப்பது வருடம் எழுதியது கடிதங்களில். சந்தையிலோ பஸ்ஸிலோ பேசுகிற சிங்களம் அவரிடம் மிகக் குறைவு. ஆகவே தாளின் முதல் வசனம் 'கௌரவயென் தன்வா சிட்டிமி' என்று முடிந்தது. 'மரியாதையுடன் அறியத்தருகிறேன்' என்று பொருள். திணைக்களத் தலைவருக்கு எழுதினால் பொருத்தமான வசனம்தான். அனுராதபுரத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து மண்மூட்டைக்குப் பின்னால் வெயிலில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு, கையில் முருங்கைக்காயோடு வந்த ஒரு அம்மா தன் பெயரை மரியாதையுடன் அறியத்தந்தால் அவன் என்ன நினைப்பான்?

அந்த மாதத்தில்தான் தங்கையா வந்து சேர்ந்தார். கனடாவில் இருக்கும் மகளிடம் போவதற்கு எம்பஸியில் நேர்முகம். ஒழுங்கை முனை லொட்ஜில் அறை எடுத்துவிட்டு நேரே நாகேந்திரம் வீட்டுக்கு வந்து, "என்ன மாத்தயா, கடை நல்லா ஓடுதுபோலை" என்றார். நாகேந்திரம் அவருடைய பொலிஸ் படிவத்தை நிரப்பினார். மஹ்ரூப்பின் பிரதிகள் தீர்ந்துபோய், அந்த ஆறு வசனங்களை அவர் கையாலேயே திரும்ப எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. தங்கையா பக்கத்தில் இருந்து பார்த்தார். போகும்போது எழுதிய தாளொன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படிக்கப் போகிறீரோ என்று நாகேந்திரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

தங்கையா படித்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் தொடாமல் இருந்ததை மூன்று நாளில், ஒரு எழுத்துப் பிசகாமல். புதன்கிழமை காலை நேர்முகத்துக்குப் படம் எடுக்கப் போன வழியில் சாவடியில் மறித்தார்கள். அவர் நிமிர்ந்து நின்று ஆறு வசனங்களையும் ஒப்புவித்தார். அன்று காலை அதே சாவடியில், அதே ஒழுங்கில், அதே சொற்களில் ஒப்புவித்த நாலாவது ஆள் அவர். சட்டைப் பையில் தாளும் இருந்தது. மற்ற மூவரும் பெண்கள், அவர்கள் போய்விட்டார்கள். இவரை, யாரோ பழக்கி அனுப்பிய ஆள் என்று ஜீப்பில் ஏற்றினார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் நாகேந்திரத்தின் மனைவி இரத்தினம்மா. மீன் வாங்கப் போனவர் மீன் வாங்காமல் திரும்பி வந்தார்.

"தங்கையாண்ணையைப் பிடிச்சிட்டாங்களாம். உங்கடை கடுதாசியாலைதான்."

"என்ரை கடுதாசியெண்டு ஆர் சொன்னது?"

"ஒழுங்கையே சொல்லுது. நாளைக்குக் காலமை எட்டரைக்கு அந்த மனிசனுக்கு எம்பஸி. விட்டால் பிறகு எப்ப தருவாங்களோ. வெளிக்கிடுங்கோ."

"போனால் என்னையும் இருத்துவாங்கள்."

"தெரியும்" என்றார் இரத்தினம்மா. "சாரத்தை மாத்திப்போட்டுப் போங்கோ."

நாகேந்திரம் அடையாள அட்டை, பென்சன் அட்டை, தேர்ச்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பைலில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வழி நெடுக எல்லோர்மீதும் கோபம் வந்தது. படிவத்தைச் சிங்களத்தில் மட்டும் அச்சடிக்கிறவன்மீது, கேட்காமல் இருநூறு பிரதி எடுத்த மஹ்ரூப்மீது, ஒரு வசனத்தையும் தன் சொல்லில் மாற்றிச் சொல்லத் தெரியாத சனத்தின்மீது. தங்கையாமீது மிக அதிகம். பிடிவாதம் பிடிக்கிறதென்றால் கடைசிவரை பிடிக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்து, அதுவும் இந்தத் தாளை எடுத்தா படிக்கத் தொடங்குவது?

பொலிஸ் நிலையத்தில் பௌஸி என்று ஒரு கொன்ஸ்டபிள். அங்கே தமிழ் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுத வராது. நாகேந்திரத்தை வாங்கில் இருத்தி விசயத்தைச் சொன்னார்.

"இவரு ஒரே கதயத்தான் செல்றாரு ஐயா. பஸ்ஸில கெடந்த தாளாம், எடுத்துப் பாடமாக்கினாராம். யாரு எழுதினண்டு தெரியாதாம். எங்கட பெரியவரு நம்புறாரில்ல. எழுதின ஆள் அம்படாட்டி மேலிடத்துக்கு அனுப்புற. அங்க போனா ஒரு கெழமக்கி முன்ன வர ஏலா."

வாக்குமூலம் ஒரு பக்கத்துக்குச் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. வாசிக்கத் தெரியாததில் கையொப்பம் வைக்க மாட்டேன், தமிழில் எழுது, சட்டம் இருக்கிறது என்று தங்கையா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுத ஆளில்லை என்று இவர்களும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களாவது வாசித்துக் காட்டுங்கள் என்று பௌஸி தாளை நீட்டினார்.

தங்கையா உள்ளறையில் ஸ்டூலில் இருந்தார். சேட்டின் மேல் பட்டன் அறுந்திருந்தது. அதைத் தவிர வேறு சேதம் தெரியவில்லை. நாகேந்திரம் வாக்குமூலத்தை முதலில் தனக்குள் வாசித்தார். 'பஸ்ஸில் கண்டெடுத்தேன்' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"நான் எழுதேக்கை நீர் பக்கத்திலைதானே இருந்தனீர்?"

"இருந்தனான்."

"அப்ப சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் உம்மைக் கொண்டுவந்து இருத்தியிருப்பாங்கள்."

"இருத்தட்டுமன். எனக்கு நாளைக்கு ஒரு எம்பஸியுமில்லை. உமக்கெல்லோ இருக்கு."

தங்கையா கூரையைப் பார்த்தார். "அதிலை எழுதியிருக்கிறது நான் சொன்னதுதானெண்டு நீர் வாசிச்சுச் சொன்னால் கையெழுத்து வைக்கிறன். உம்மடை வாய் போதும்."

நாகேந்திரத்துக்கு வந்தது நன்றியில்லை, எரிச்சல். அறுபத்து மூன்றிலே இந்த நம்பிக்கையில் கால்வாசி இருந்திருந்தால் அரிச்சுவடி வாங்கும் செலவு மிச்சமாகியிருக்கும். இப்போது வந்து, தன் பிரயாணத்தையும் பிள்ளையையும் அடகு வைத்து நாகேந்திரத்தைக் காப்பாற்றச் சொல்லி இந்த மனிதரை யார் கேட்டார்கள்? இந்தப் பொய்யை வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இரத்தினம்மா சோறு வைத்திருப்பார். தங்கையா மேலிடத்துக்குப் போவார்.

"மூதேவி" என்று மெல்லச் சொன்னார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து பொறுப்பதிகாரியின் அறைக்குப் போனார்.

பொறுப்பதிகாரி மாத்தறைப் பக்கத்து மனிதர், பென்சனுக்குக் கிட்டிய வயது, கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு. நாகேந்திரம் முன்னால் நின்று, இன்ன இலக்கத் தாளில் காணப்படும் ஆறு வசனங்களும் தன்னாலேயே எழுதப்பட்டவை என்றும், அதன் நோக்கம் பொதுமக்களின் வசதி மட்டுமே என்றும் மரியாதையுடன் அறியத்தந்தார். அவருக்குத் தெரிந்த சிங்களம் அதுதான். மூலையில் இருந்த சார்ஜன்ட் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து ஆறு வசனங்களையும் எழுதச் சொன்னார். கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேர்ச்சிச் சான்றிதழை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். இப்படி ஒருவரும் பேசுவதில்லை என்றார். தனக்கு வேறு மாதிரி ஒருவரும் படிப்பிக்கவில்லை என்றார் நாகேந்திரம்.

அதன்பிறகு அதிகாரி தன்னுடைய கதையைச் சொன்னார். தமிழ் பேசுவோரின் வாக்குமூலத்தைத் தமிழில் பதியவேண்டும் என்று அவருக்கும் சுற்றறிக்கைகள் வந்தபடியே இருக்கின்றன. மூன்று தரம் ஆள் கேட்டு எழுதிவிட்டார். ஒரு தட்டச்சு இயந்திரம் வந்தது. தமிழ் இயந்திரம், அடிக்க ஆளில்லை, அலுமாரியில் இருக்கிறது. அவர் உண்மையிலே அலுமாரியைத் திறந்து காட்டினார். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார். உள்ளே இருக்கும் வயதான மனிதரை விட்டுவிடலாம். தாளையும் மறந்துவிடலாம். ஆனால் நாகேந்திரம் கிழமையில் திங்களும் வியாழனும் காலையில் வந்திருந்து தமிழ் முறைப்பாடுகளை எழுதித் தரவேண்டும்.

அது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை என்று நாகேந்திரம் சொன்னார். அப்படியென்றால் அரசாங்கம் வரும்வரை உங்கள் நண்பர் உள்ளே இருக்கட்டுமா என்று அதிகாரி கேட்டார். அதில் மிரட்டல் இருந்ததாகத் தெரியவில்லை, களைப்புத்தான் இருந்தது. நாகேந்திரம் திங்களிலிருந்து வருவதாகச் சொன்னார்.

புதிதாகத் தமிழில் ஒரு வாக்குமூலத்தை அவரே எழுதினார். தங்கையா அதை ஆறுதலாக, இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் ஒப்பம் வைத்தார்.

வெளியே வந்து இருவரும் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். பிறகு தங்கையா, "அப்ப சம்பளத்துக்குச் செய்தீர். இப்ப சும்மா செய்யப் போறீர்" என்றார்.

"வாயை மூடிக்கொண்டு வாரும்" என்றார் நாகேந்திரம்.

மறுநாள் தங்கையா எட்டு மணிக்கே எம்பஸியில் நின்றார். மத்தியானம் திரும்பி வந்தவரின் முகம் கடுகடுவென்றிருந்தது. நேர்முகம் சரிவந்துவிட்டது, கோபம் அதற்கில்லை. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த அவருக்குப் பக்கத்தில், கேளாமலே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து இருத்திவிட்டார்களாம். வேண்டாமென்று சொல்ல, அது உங்கள் உரிமை என்றார்களாம். இந்த நாட்டில் பென்சனில் பாதியை இழந்தும் கிடைக்காத ஒன்றை அந்நியன் தேவையில்லாத இடத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிவிட்டு, இரத்தினம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்தார். நாகேந்திரம் அதற்கு அனுதாபம் காட்டவில்லை. அடுத்த மாதம் விமானம் ஏறும்போதும் தங்கையா நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாகேந்திரத்துக்கு என்ன செய்வதென்று தெரிந்திராது.

திங்களும் வியாழனும் அவர் நிலையத்துக்குப் போனார். தொலைந்த அடையாள அட்டை, அடித்த புருசன், ஆமி பிடித்துக்கொண்டுபோன மகன். வரிசை வாசல்வரை நிற்கும். பௌஸி ஒரு கதிரை கொண்டுவந்து கொடுத்தார். மேசை இல்லை. பைலை முழங்காலில் வைத்து எழுதுவார். ஒரு மணித்தியாலத்தில் கால் விறைத்துவிடும். மேசை ஒன்று தரும்படி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், அரசகரும மொழிகள் இரண்டிலும். இரண்டு மொழியிலும் பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பவேண்டும் என்று நினைத்திருந்தார். அதற்குள் அடுத்த ஆள் வந்து முன்னால் நின்றுவிட்டார்.