மணமாகாதவர் என்று அச்சேற்றினேன்

கலிபோர்னியாவின் சான் ரமோன் ஊர்ப் பள்ளி வாயிலில் பேத்தி யாழினியை அழைத்துவரச் சென்ற முதல் நாள், ஆசிரியை ஒருவர் என்னிடம் வினவினார்: அவளுடைய எந்தத் தந்தைக்கு நான் தந்தை? ஏளனம் என்றெண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதறிப்போய் "ஸாரி, ஸாரி" என்றார். கையிலிருந்த பட்டியலில் என் பெயருக்கெதிரே குறியிட வேண்டியதற்கு மேல் அவர் உள்ளத்தில் வேறெதுவும் இல்லை. ஏளனம் முழுவதும் நான் கொண்டுவந்தது.

என் மூத்த மகன் குமரன் இந்நாட்டுச் சட்டப்படி டேனியலை மணந்தவன். யாழினியின் பிறப்புச் சான்றில் இருவருமே பெற்றோர். எவருடைய குருதி அவள் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ஈராண்டுக்கு முன் குமரன் மாரடைப்பில் மறைந்தான். அவனுடைய இவ்வூர் உடைமைகள் கணவருக்கும் மகளுக்கும் எவ்வித வினாவுமின்றிச் சென்றன. எஞ்சியது தஞ்சாவூர் வீடு. என் மனைவியின் பெயரிலிருந்த அதில், அவள் காலத்துக்குப்பின் குமரனுக்கும் ஒரு பங்கு உண்டு. அது யாழினியைச் சேரவேண்டும்.

டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் மென்பொருள் எழுதும் என் இளைய மகன் செழியன், அண்ணன் மணமாகாமல், வாரிசின்றி மறைந்தான் என்று வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறான். என் ஒப்புதல் கையொப்பம் வேண்டுமென்று தொலைபேசியில் அழைத்தான்.

"அப்பா, எமோஷனல் ஆகாதீங்க. ஜஸ்ட் ஒரு சைன்."

"குழந்தை இருக்கிறாளடா."

"அவளுக்குத் தஞ்சாவூர்ல வீடு எதுக்குப்பா? மேப்ல காட்டச் சொல்லுங்க பாப்போம். டேனியலே வாயத் திறக்கல, நீங்க யாரு, அவங்க லாயரா?"

"பொய்யில் கையெழுத்திட மாட்டேன்."

"ஓ! பேப்பர்ல போட்டது யாரு? நானா? அந்தக் கட்டிங்கைத்தான் அட்டாச் பண்ணிருக்கேன். அப்ப மானம், இப்பப் பேத்தியா?"

அழைப்பைத் துண்டித்தேன். அவன்மீது மூண்ட வெறுப்பு தணியவில்லை. ஆயினும் அவன் கூறியது உண்மை. குமரன் மறைந்த வாரம், நான் தங்கியிருக்கும் டேனியல் வீட்டுச் சமையலறை மேசையிலமர்ந்து தஞ்சைப் பதிப்பு நாளிதழுக்கு நீத்தார் அறிவிப்பை எழுதியவன் நானே. பிழையற்ற செந்தமிழ். "அன்னார் மணமாகாதவர்" என்பது அதன் நான்காம் வரி. ஊரில் எவரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதென்று எழுதினேன். அச்சான தாள் வந்தபோது, பொருள் கூறுமாறு டேனியல் வேண்டினார். மூன்றாம் வரியிலிருந்து ஐந்தாம் வரிக்குத் தாவினேன். "பியூட்டிஃபுல்" என்று கண்ணீர் துடைத்தவர், அதைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டிவைத்தார்.

நேற்று அவரை அழைத்து அவ்வரியை மொழிபெயர்த்துக் கூறினேன். "எதற்காக?" என்றார்.

இன்று நோட்டரி ஒருவர் முன்னிலையில் உறுதிமொழி ஆவணத்தை வைத்தேன். குமரன் மணமானவன், யாழினி அவன் மகள், அறிவிப்பு பொய், எழுதியவன் நான். படித்த நோட்டரி, ஒரு கட்டம் வெறுமையாக உள்ளதென்று விரலால் தொட்டுக் காட்டினார்: நிலையான முகவரி. தஞ்சாவூர் வீட்டுப் பூட்டைச் செழியன் ஆள்வைத்து மாற்றிவிட்டான். சான் ரமோன் வீடு நான் எவருடைய மணத்தையே இல்லையென்று எழுதினேனோ, அவருடையது. நோட்டரி பேனாவை நீட்டியபடி காத்திருந்தார். என் பின்னே வரிசை நீண்டுகொண்டிருந்தது.