கிளிப் படமும் அண்ணையின் முகமும்

கண்ணீர் அஞ்சலிப் பதாகை, பூதவுடல் எடுக்குமுன் சந்தியில் ஏற வேண்டும். ஆகவே வேகமான இயந்திரமே நல்லது என்று எங்கள் வீட்டில் நம்பினோம். கோப்பாயில் எங்கள் அச்சுக்கடையைத் தொடங்கிய கணவரின் அண்ணை காலமான பிறகு, பெரிய பிரிண்டர் ஒன்று வாங்கப் போனோம். விற்பனையாளர் இரண்டு இயந்திரங்களைக் காட்டி, வேகமானதில் கிளிப் படமொன்றைப் பளபளவென்று அடித்துக் காட்டினார்.

“கிளிக்கு ஆரும் அஞ்சலி அடிக்கிறேல்லை, தம்பி. உந்த இரண்டு மிசினிலும் இதை அடியுங்கோ,” என்று அண்ணையின் படத்தைக் கொடுத்தேன்.

வேகமான இயந்திரத்தில் அவர் முகம் சிவந்து, நெற்றியில் கோடுகள் விழுந்தன. மற்றது, அவருடைய மாநிறத்தையும் பாதிச் சிரிப்பையும் மெல்ல மெல்லக் கொண்டுவந்தது.

“உது சுணங்குமப்பா,” என்றார் கணவர். முகம் முழுதும் வெளிவந்ததும் தொடக் கை நீட்டி, மை காயவில்லை என்று இழுத்துக்கொண்டார். “அண்ணைதான். இதையே எடுப்பம்.”

எங்கள் பதாகை முன் சைக்கிளை நிறுத்தி நிற்பவர்களைக் காணும்போது, அந்தச் சுணக்கம் தகும் என்றே தோன்றுகிறது. கடையில் இப்போது நாங்கள் இருவர். சுவரில் அண்ணை இருக்கிறார்.