ஜிப்பக்காவின் வலைப்பக்கம்

என் சித்தியை அந்தக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜிப்பக்கா என்றால்தான் தெரியும். நான்கு மாடி வணிக வளாகத்தில், மாடிப்படிக்குக் கீழே, வேறெதற்கும் உதவாத சாய்வான மூலையில் அவளுடைய கடை இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பாள், அறுந்த பைக்குக் கைப்பிடி தைப்பாள். ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது ஜிப்தான். மூன்றாம் மாடிப் பல் மருத்துவர் மாதம் ஒரு பேன்ட்டோடு வந்து நிற்பார். “வாயைக் கட்டுங்கன்னு எல்லாருக்கும் சொல்றீங்க டாக்டர், நீங்க கொஞ்சம் கட்டினா இந்த ஜிப் பொழைச்சுக்கும்” என்பாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பேன்ட்டையும் எடுத்து வைப்பார்.

அவளுக்குக் கோபம் சீக்கிரம் வராது. வந்தால் போகாது. கட்டட மேலாளர் ஒரு நாள் வழியை மறைக்கிறது என்று அவளுடைய முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு பொத்தான்கூட அவள் தைத்ததில்லை. அவர் கோட்டின் கை பிரிந்து அவசரமாக வந்து நின்றபோது, அவர் முகத்துக்கு நேராகவே ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, “கண்ணு சரியாத் தெரியலைங்க” என்றாள். நான் அருகில்தான் இருந்தேன். ஒரே குத்தில் நூல் ஊசிக்குள் போனது.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். சித்தியின் மகன், என் தம்பி, தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்துபோனார். தேநீரைக்கூட அரை கிளாஸுக்கு மேல் குடிக்காத மனிதர், வேலையில் கை நடுங்கக் கூடாது என்பார் என்று அம்மா சொல்வாள். என் நினைவில் அவருடைய கிரீஸ் வாசனை மட்டும் இருக்கிறது. தம்பிக்கு அதுவும் கிடையாது. அப்பா என்றால் அவனுக்குச் சித்தி சொன்ன கதைகள்தான்.

தம்பி தொடக்கப்பள்ளியில் இருந்தபோது பெருமழையில் அவர்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். சித்திக்கு ஒரு தையல் மிஷின் கொடுத்தார்கள். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. கொடுப்பதற்கு முன்னால் படம் எடுத்தார்கள். சேறு போகக் கழுவி வைத்திருந்த பானையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்க்கச் சொன்னார்கள். தலையைக் கொஞ்சம் கலைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சுத்தம் செய்கிற மருந்தின் நெடியில் அவள் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள். லிஃப்ட் குழியில் விழுந்து இறந்துவிட்டார் என்று சொன்னாள். படம் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, உதவி செய்கிறவர்களுக்குக் காட்ட என்றார்கள். சரி என்றாள்.

அந்தச் சரி பல வருடங்கள் ஓடியது. நான் பட்டம் வாங்கி, இணையத்தில் விளம்பரம் செய்கிற ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்தேன். செருப்புக் கடை, கண்ணாடிக் கடை என்று பலருடைய பக்கங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதல். அதனால் வீட்டில் போன் சார்ஜ் ஏறாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் ஒரு நாள் சித்தி கூப்பிட்டு, “இன்டர்நெட்டுல இருக்கிறதை அழிக்க முடியுமா?” என்று கேட்டாள். குரல் சரியில்லை. உடனே கிளம்பினேன்.

நடந்தது இதுதான். தம்பி இப்போது மின்சாரப் பிரிவில் டிப்ளமோ படிக்கிறான். பேருந்து நிறுத்தத்தில் அந்தத் தொண்டு நிறுவனத்தின் சுவரொட்டி இருந்தது. அதில் பானையைப் பார்த்துக் கண் கலங்கும் சித்தி. அவனுடைய நண்பன் ஒருவன் கீழேயிருந்த கியூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்ய, பக்கம் திறந்தது. சித்திக்கு அதில் வேறொரு பெயர். குடிகாரக் கணவனிடம் தினமும் அடி வாங்கி, அவன் செத்த பிறகும் பட்டினியிலிருந்து மீளாத தாய் என்று எழுதியிருந்தது. அதன் கீழே பெரிய ஆரஞ்சு நிறப் பொத்தான், இவளுடைய இன்றைய உணவுக்கு உதவுங்கள் என்று.

தம்பி அன்றைக்கு எதுவும் கேட்கவில்லையாம். சில நாள் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனான். பிறகு ஒரு காலை ஷூ மாட்டிக்கொண்டே, “அப்பா விழுந்த அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?” என்று கேட்டிருக்கிறான்.

சித்தி இல்லை என்றாள். அவர் குடித்ததே இல்லை என்றாள்.

“நீ அப்படித்தானேம்மா சொல்லுவ” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

இதை என்னிடம் சொல்லும்போது சித்தி அழவில்லை. வெட்டுகிற கத்தரிக்கோலைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பொய் என்று காட்ட அவளிடம் எதுவும் இல்லை. குடிக்காததற்கு எந்த ஆபீஸில் சான்றிதழ் கொடுக்கிறார்கள்? அந்தப் பக்கமோ அழகான எழுத்தில், படத்தோடு, உலகம் முழுக்கத் தெரிகிறது. நான் அவன் இடத்தில் இருந்தால் எதை நம்பியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

சித்தி கடையைப் பூட்டிவிட்டு அந்தத் தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போனாள். செயலாளர் நல்ல மாதிரியாகப் பேசினாராம். பெயரை மாற்றித்தானே போட்டிருக்கிறோம், யாருக்கும் தெரியாதே என்றார். உங்கள் முகத்தால் எத்தனை பிள்ளைகள் எங்கள் மாலை வகுப்பில் படிக்கிறார்கள் தெரியுமா என்றார். மிஷின் இன்னும் ஓடுகிறதா என்று நடுவில் ஞாபகப்படுத்தினார். பார்க்கிறோம் என்று சொல்லித் தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்து அனுப்பினார். பக்கம் அப்படியே இருந்தது.

“மிஷினுக்கு அன்னிக்கே நன்றி சொல்லியாச்சு. என் புருஷனையும் சேர்த்தா அவங்களுக்குக் குடுத்தேன்?” என்றாள் என்னிடம். பிறகு குரலை இறக்கி, “இனிமே நான் போக மாட்டேன். அந்த ஆளு இங்க வரணும். வந்து, இந்த முக்காலியில உக்காந்து, அவன்கிட்ட சொல்லணும்” என்றாள். அவன் என்றால் தம்பி.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நன்கொடைத் திட்டத்துக்கும் தனியாக ஒரு இணைய முகவரி வாங்குவார்கள். வாங்குகிற ஊழியர் தன் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்துவிடுவார். அவர் வேலையை விட்டுப் போனதும் அந்த அஞ்சல் பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வருகிற நினைவூட்டல்கள் அதற்குள்ளேயே கிடந்து மட்கும். பெரிய பெரிய கடைகளுக்கே இப்படி நடந்து பார்த்திருக்கிறேன். பக்கம் மாறியிருக்கிறதா என்று அடிக்கடி திறந்து பார்க்கிற வழக்கத்தில் ஒரு நாள் திறந்தேன். பக்கமே வரவில்லை. தேடிப் பார்த்தால், முகவரியின் காலம் முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்த கூடுதல் அவகாசமும் முடிந்து, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலையில் கிடந்தது.

பக்கம் தானாகவே ஒழிந்தது என்று சந்தோஷமாகச் சொல்லத்தான் கடைக்குப் போனேன். சித்தி மிஷினை நிறுத்தினாள்.

“காலி பண்ணின ரூம் மாதிரியா?”

“கிட்டத்தட்ட.”

“சுவத்துல ஒட்டியிருக்கிற நோட்டீஸ்ல?”

“அதே முகவரிதான் சித்தி. அச்சடிச்சதை மாத்த முடியாதே.”

“அப்ப ரூமைப் பிடி” என்றாள்.

பிடித்தேன், என் பெயரில். சட்டப்படி தவறில்லை என்று இருமுறை படித்து உறுதி செய்துகொண்டேன். சரியா என்பது வேறு கேள்வி. மாலை வகுப்புப் பிள்ளைகள் நிஜம். அந்த வகுப்பு நடக்கிற தெரு வழியாகத்தான் நான் வேலைக்குப் போகிறேன். அதைச் சித்தியிடம் சொன்னேன். “அந்தப் பிள்ளைங்களுக்கு என் முகத்தைக் கேட்டாங்க, குடுத்தேன். அவரைக் கேட்கவே இல்லை” என்றாள்.

முதலில் நான் எழுதிக் கொடுத்ததை அவள் ஏற்கவில்லை. அதில் தவறான தகவல், வருத்தம், கவனக்குறைவு என்றெல்லாம் இருந்தது. “என்னடி இது, லீவ் லெட்டர் மாதிரி இருக்கு” என்றாள். பிறகு அவளே சொல்லச் சொல்ல எழுதினேன்.

இந்தப் படத்தில் இருப்பது நான்தான். பசியில் அழவில்லை. பானை கழுவி வைத்த பானை. என் கணவர் குடித்ததில்லை. என்னை அடித்ததில்லை. லிஃப்ட் வேலையில் விழுந்து இறந்தார். ஏன் இப்படி எழுதினார்கள் என்று அவர்களையே கேளுங்கள்.

அதன் கீழே பழைய பக்கத்தில் இருந்ததைப் போலவே பெரிய ஆரஞ்சுப் பொத்தான் வைத்தேன். அதை அழுத்தினால் செயலாளரின் அலுவலகத்துக்குப் போன் போகும். மேலே பழைய படம், பக்கத்தில் புதிய படம். புதிய படத்தில் மிஷின் முன்னால் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சிரி என்றேன். “சிரிச்சா மன்னிச்சிட்டேன்னு நினைப்பாங்க” என்றாள்.

அந்த வருட நன்கொடை இயக்கத்துக்காக அவர்கள் மீதமிருந்த சுவரொட்டிகளை ஊரெல்லாம் ஒட்டினார்கள். பழைய கொடையாளர்கள் அத்தனை பேருக்கும் அதே இணைப்போடு மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஒட்டுவதற்கு முன்னால், அனுப்புவதற்கு முன்னால், ஒருவராவது அதைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சித்தி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை அழைத்து, எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள், எத்தனை பேர் பொத்தானை அழுத்தினார்கள் என்று கேட்பாள். நான் சொல்லச் சொல்ல, “ம்” என்பாள். பாட்டு கேட்கிறவளைப் போல இருக்கும் அந்த ம்.

செயலாளர் அந்த வாரமே வந்தார். தலை இடிக்கக் கூடாதென்று குனிந்து உள்ளே நுழைந்தார். “என் பையன் வர்ற வரைக்கும் உக்காருங்க” என்று முக்காலியைக் காட்டினாள் சித்தி. வைக்க இடமில்லை என்று வாடிக்கையாளர்களின் துணிமூட்டையை அவர் மடியில் வைத்தாள். நான் வந்து சேர்ந்தபோது அவர் பேன்ட்டுகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். படியில் இறங்கி வருகிறவர்கள் யாராவது எட்டிப் பார்த்தால், “என் வீட்டுக்காரரைக் குடிகாரராக்கினவர் இவர்தான்” என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். பல் மருத்துவர் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். செயலாளரின் காது சிவந்திருந்தது. எனக்குப் பரிதாபமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

தம்பி வந்தான். படிக்கட்டின் ஓரத்தில் பையோடு நின்றான்.

“தம்பி, ஒரு தவறு நடந்துபோச்சு” என்று ஆரம்பித்தார் செயலாளர்.

“நடந்துபோச்சுன்னு சொல்லாதீங்க. அது என்ன, தானா நடந்து வந்துச்சா? பொய் எழுதினோம்னு சொல்லுங்க” என்றாள் சித்தி.

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். “பொய்தான். எழுதினோம். உங்க அப்பா குடிப்பார்னு எங்களுக்கு யாரும் சொல்லலை.”

சித்தியின் தோள் தளர்ந்தது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. பக்கத்தை எடுத்துவிடு என்று என்னிடம் சொல்லத்தான் திரும்பினாள் என்று நினைக்கிறேன். அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு வேலைப் புத்தி. ஒரே விளம்பரத்தை இரண்டு விதமாக எழுதி, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றொன்று காட்டி, எது அதிகம் இழுக்கிறதோ அதை வைத்துக்கொள்வோம். செருப்புக் கடைக்கு நானும் தினமும் செய்வதுதான். அதனால் கேட்டுவிட்டேன்.

“சார், முதல்ல வேற மாதிரி எழுதியிருந்தீங்களா?”

அவருக்கு அது ஏதோ கைகொடுப்பது போலப் பட்டிருக்க வேண்டும். முகம் தெளிந்தது. “ஆமாம்மா. நல்லாக் கேட்டீங்க. முதல்ல உண்மையைத்தான் போட்டோம். வேலையில விபத்துன்னு. வேணும்னே பொய் எழுதணும்னு யாரும் உக்காரலை. ரெண்டு விதமாப் போட்டுப் பார்த்தோம், அவ்வளவுதான்.”

தம்பி அப்போதுதான் பையைக் கீழே வைத்தான்.

“லிஃப்ட்ல விழுந்து செத்தவருக்குக் காசு குறைவா வந்துச்சா?”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“சொல்லுங்க சார்.”

“ஆமாப்பா” என்றார். “பாதிகூட வரலை.”

மிஷினின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தம்பி அவனுடைய அம்மாவைப் பார்த்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தான் என்று எனக்குத் தோன்றியது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் போய், கூரை இடிக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

செயலாளர் துணிமூட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “அப்ப அந்தப் பக்கத்தை எடுத்துரலாம் இல்லையா? நீங்க படிச்சவங்க, நீங்களாவது சொல்லுங்கம்மா” என்றார் என்னிடம்.

சித்தி எடுக்கச் சொல்லித் தலையசைக்கத் தொடங்கியிருந்தாள். அவள் கோபம் போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“இருக்கட்டும்க்கா” என்றான் தம்பி.

“தம்பி, பிள்ளைங்க படிக்கிற வகுப்புப்பா...”

“அவங்களுக்கு எங்கப்பாவை வச்சுக் கேளுங்க. எப்படிச் செத்தாரோ அப்படியே போட்டுக் கேளுங்க. பாதிதான் வரும்னா பாதி வரட்டும்.” அவன் குரல் உயரவே இல்லை. “அதுவரைக்கும் அது இருக்கட்டும்.”

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையிலிருந்த மூட்டையைப் பிரித்து, மேலாக இருந்த பேன்ட்டை எடுத்து, பழைய ஜிப்பைப் பிரிக்கத் தொடங்கினாள்.

பக்கம் இன்றும் இருக்கிறது. செயலாளரின் மின்னஞ்சல் வரும்போதெல்லாம் தம்பிக்கு அனுப்பி வைக்கிறேன். இருக்கட்டும் என்ற அந்த ஒரே வார்த்தைதான் பதிலாக வருகிறது. மாலை வகுப்பு நடக்கிற தெருவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறேன். சில நாள் தெரிகிறது. சில நாள் பூட்டியிருக்கிறது. பூட்டியிருக்கிற நாட்களில், பக்கத்தை எடுத்துவிடலாமா என்று அவனுக்கு எழுதத் தோன்றும். பாதி எழுதுவேன். அனுப்பியதில்லை.