எண்பதுக்குக் குறையாமல்

எல்வுட் டிராஸ்க்கின் வண்டி டயர் வெடித்தது நான் காற்றை அதிகமாக அடித்ததால்தான் என்று ஒன்பது வருஷமாக இந்த ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது. "பாத்து அடிப்பா, டிராஸ்க் கதையாயிடப் போவுது" என்று சிரிக்காதவன் இல்லை. நான் வாயைத் திறந்ததில்லை.

அரிசோனா நெடுஞ்சாலை ஓரத்தில் என் டயர் கடை. எல்வுட் ரயில்வேயில் வெல்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, பிக்கப் லாரிக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டுவண்டி ஒன்றை வாங்கி, மனைவி வெர்னாவோடு அதிலேயே குடியிருந்தார். வெர்னாவுக்கு எலும்பில் புற்றுநோய். டாக்டர் ஒரு மாதம்தான் சொல்லியிருந்தார். ஓரிகனில் தான் பிறந்த ஊர்க் கடலை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

ஜூலை மாதம். ஜல்லிக் குவாரி எடைமேடையில் வண்டியை ஏற்றிப் பார்த்தேன். தையல் மிஷின், அலமாரி, அவள் பாலைவனத்தில் பொறுக்கிய கற்கள் எல்லாம் சேர்ந்து பதினோராயிரம் ராத்தல், ஐந்து டன். தாங்க நாலே டயர்.

"பெரியவரே, இந்த எடைக்குக் காத்து எண்பது பவுண்டு வைக்கணும். தெனம் காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி பாருங்க. காத்து கொறஞ்சா சூடேறி வெடிச்சிரும்."

"எண்பது வச்சா தூக்கித் தூக்கிப் போடுமேப்பா. அவளால உக்கார முடியாது. பின்னாடி கட்டில்லதான் படுத்து வருவா."

ஓடுகிற வீட்டுவண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது. அதையும் சொன்னேன்.

உள்ளேயிருந்து வெர்னா கத்தினாள். "நாப்பத்தாறு வருஷமா இந்த ஆளு ஓட்டுற வண்டியில குலுங்கிட்டுத்தான்யா இருக்கேன். நீ அடி!"

எண்பது அடித்து அனுப்பினேன்.

இரண்டு பேர் கையிலும் வாக்கி டாக்கி இருந்தது. அதில் அவள் முனகுவதை முதல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறார். சாயங்காலம் ஓரமாக நிறுத்தி, நாலு டயரிலும் ஐம்பதுக்கு இறக்கினார். "இப்பத் தேவல" என்றாளாம். தூங்கினாளாம்.

மறுநாள் மதியம், நெவாடாவில், தார் இளகுகிற வெயிலில், வலது பக்கத்து டயர் இரண்டும் அடுத்தடுத்து வெடித்தன. உதவி வர நாலு மணி நேரம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வெர்னா போய்விட்டாள். கடலுக்கு இன்னும் ஐந்நூறு மைல் இருந்தது.

திரும்பி வந்தவர் என் கடைக்குப் பின்னாலேயே வண்டியை நிறுத்திக்கொண்டார். ஊர் என்னைக் கிண்டல் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடம் மட்டும் ஒரு தடவை, "அம்பதுக்கு எறக்கினேன்" என்றார்.

"தெரியும். கிழிஞ்ச டயரப் பாத்தா எனக்குத் தெரியாதா?" என்றேன். வாக்கி டாக்கியில் கேட்ட முனகலையும் அன்றைக்குத்தான் சொன்னார். அதோடு சரி.

போன மாதம் அவரை முதியோர் விடுதிக்குக் கூட்டிப்போக வேன் வந்தது. நுரையீரல் போய்விட்டது. திரும்பி வரமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். வண்டியை யாரோ விலை பேசியிருந்தார்கள். வேனில் ஏறும்போது ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"பெயின்ட் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"சக்கரத்துக்கு மேல, ரெண்டு பக்கமும், எண்பதுன்னு பெருசா எழுது. வாங்குறவன் கண்ணுல படணும். அதுக்குக் கீழ, கொறச்சது எல்வுட் டிராஸ்க்குன்னு போடு. பேர முழுசாப் போடு."