முதுகு காட்டி வாசித்த எழுத்தாளர்

1. எருமையின் பேச்சு

சிதம்பரத்தில் சிறுவர் நூல்களை மட்டுமே வெளியிடும் சிறு பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவனாக நான் சேர்ந்த முதல் நாளன்று, என் மேசைமீது ஓர் எருமையின் கதை கிடந்தது. தமிழ் முதுகலைத் தேர்வு எழுதிய கையோடு வந்தவன் நான். அவ்வெருமை பேசிய பேச்சு எனக்கு ஒப்பவில்லை. தன்னை மேய்ப்பவனிடம் அது ‘தண்ணி குட்றா’ என்று கேட்டிருந்தது. அதனை ‘அருந்த நீர் தருக’ என மாற்றினேன். மாலைக்குள் எருமை செந்தமிழில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டது.

மறுநாள் அக்கதையின் ஆசிரியர் அலுவலகத்துக்கு வந்தார். காத்தமுத்து என்பது அவர் பெயர். கிள்ளையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கீரப்பாளையத்தில் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதியவர். என் திருத்தங்களை முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகப் படித்தார். சினப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“சார், எங்க ஊரு எருமை உங்ககிட்ட எப்ப சார் காலேஜு படிச்சிச்சு?”

பதிப்பகத்தின் உரிமையாளர் ஹாஜா மைதீன் பாய் நாற்காலியே ஆடும்படி சிரித்தார். பரங்கிப்பேட்டைக்காரர், காத்தமுத்துவோடு ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்றே அழைத்துக்கொள்வார்கள். அன்றுமுதல் இருவருக்கும் நான் ‘புலவர்’ ஆனேன். எருமைக்கு அதன் பேச்சைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் காத்தமுத்து எழுதிய நூல் ஒவ்வொன்றும் என் கை வழியாகவே அச்சுக்குப் போயிற்று. பணி ஓய்வு பெற்ற பின்னும் காலை வேளைகளில் அதே மேசைக்குப் போய்வருகிறேன்.

2. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும்

அவருக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. எழுதி முடித்த கதையை நேரே எங்களிடம் தரமாட்டார். கிள்ளையில் தாம் படித்த நடுநிலைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று, ஒரு வகுப்புக்கு வாசித்துக் காட்டுவார். அதுவும் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்தபடி.

முதல்முறை உடன்சென்ற நான் வியந்து காரணம் கேட்டேன். “மூஞ்சப் பாத்தா மரியாதைக்குச் சிரிக்குங்க சார். முதுவப் பாத்து எவன் சிரிப்பான்?” என்றார்.

இடக்கையில் தாள், வலக்கையில் சுண்ணக்கட்டி. பின்னாலிருந்து சிரிப்பு எழுந்தால் பலகையில் ஒரு கோடு இழுப்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வராவிட்டால், பெஞ்சு கிறீச்சிட்டால், எவனாவது தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டால், ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்த இடத்தை அன்றே அடித்துவிடுவார். நான் கண்ணில் ஒற்றிக்கொண்ட எத்தனையோ வருணனைகள் அந்த வட்டங்களுக்குள் விழுந்து மறைந்தன. ‘இந்தப் பத்தியையாவது விட்டுவையுங்கள்’ என்று மன்றாடியிருக்கிறேன். பத்திக்கு வேண்டுமானால் தனியாக ஒரு பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்படி அவர் அறிவுரை கூறுவார்.

வகுப்பில் அவர் குரல் ஒரு தனி வித்தை. பசு, சேவல், பேருந்து நடத்துநர், வெயிலில் காயும் நெத்திலிக் கருவாடு எல்லாம் அதே தொண்டையிலிருந்து வந்தன.

3. குரல் போனபின்

சென்ற ஆண்டு அந்தத் தொண்டையில்தான் நோய் கண்டது. அறுவை முடிந்து உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. புதுச்சேரி மருத்துவமனையில் நாங்கள் பார்க்கச் சென்றபோது, அவர் மடியில் ஒரு சிலேட்டுப் பலகை இருந்தது. அருகில் அமர்ந்திருந்த அவர் மனைவி வசந்தா அம்மையார், “கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் என்ன எதுத்துப் பேசாம இருக்காரு” என்றார். காத்தமுத்து உடனே எழுதிக் காட்டினார்: ‘எயுத்துல எதுப்பேன்.’

எழுத்தில் எதிர்ப்பவர் எழுத்தை விடமாட்டார் என்று ஆறுதல் கொண்டேன். அவ்வாறே உடல் தேறியதும் ஒரு புதிய கதையோடு வந்தார். புவனகிரியில் ஓர் ஆடு கிள்ளைப் பேருந்தில் ஏறிக்கொள்கிறது. நடத்துநரின் டிக்கெட் மெஷினிலிருந்து வரும் தாளைத் தின்னத் தொடங்குகிறது. மெஷின் நிற்கவில்லை, ஆடும் நிறுத்தவில்லை. சிதம்பரத்தில் செக்கர் ஏறுகிறார். பேருந்தில் ஒருவரிடமும் டிக்கெட் இல்லை. ஹாஜா பாய் படித்துச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓவியங்கள் வரையப்பட்டன, பக்கங்களின் லேஅவுட் முடிந்தது, அச்சுப் பிளேட் போட அனுப்ப வேண்டியது மட்டுமே எஞ்சியது.

அப்போதுதான் காத்தமுத்து சிலேட்டை நீட்டினார். ‘கிள்ளப் புள்ளைங்க சிரிச்சாத்தான் அச்சு. சிரிக்கலன்னா இதோட எயுதறத வுட்டுடறேன்.’

விளையாட்டுக்கு எழுதியதன்று. குரலோடு எழுத்தும் போய்விட்டதோ என்ற அச்சம் அவரை அரித்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். வாசிக்க அவரால் முடியாது. வாசிப்பவன் நானே என்று முடிவாயிற்று.

4. கேள்வி கேட்பீர்களா?

நான் ஒருவாரம் பயிற்சி செய்தேன். ஆட்டின் குரலைக் குளியலறையில் முயன்றேன். வீட்டார் கதவைத் தட்டி நலம் கேட்டனர்.

வகுப்பில் காத்தமுத்து வழக்கம்போல் கரும்பலகையின் முன் முதுகு காட்டி நின்றார். நான் பிள்ளைகளைப் பார்த்து வாசித்தேன். ஒவ்வொரு சொல்லையும் பிழையற ஒலித்தேன். பிள்ளைகள் கைகட்டி அமர்ந்து கேட்டனர். ஆடு தாளைத் தின்றது, அமைதி. செக்கர் ஏறினார்; அமைதி. பலகையில் ஒரு வட்டம். அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம். இடையில் ஒரு மாணவன் எழுந்து மிகப் பணிவாகக் கேட்டான்.

“சார், இதுல கேள்வி கேப்பீங்களா?”

பாடம் என்றே கருதிவிட்டார்கள். குறை என் குரலில் உள்ளது, கதையில் இல்லை என்று காத்தமுத்துவிடம் எடுத்துரைத்தேன். அவர் பலகையில் நிறைந்திருந்த வட்டங்களைச் சுட்டிக்காட்டிவிட்டு நடந்தார்.

ஹாஜா பாய் விடவில்லை. அடுத்த வாரம் அவ்வகுப்பின் ஆசிரியை தமிழரசியை, வேறொரு பிரிவுக்கு வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த அம்மையார் நன்றாகவே வாசித்தார். சிறு சிரிப்புகள் எழுந்தன, கோடுகளும் விழுந்தன. ஆனால் ஆடு மெஷின் தாளைத் தின்னும் இடம் வந்ததும் மீண்டும் அமைதி. காத்தமுத்துவின் தோள் துடித்தது. தாங்காமல் திரும்பினார், தாடையை அகட்டி, கண்களைச் செருகி, முடிவில்லாத தாளை மெல்லும் ஆடாகவே நின்றார். வகுப்பு உருண்டு புரண்டது. ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டது.

நாங்கள் மகிழ்ந்தோம். காத்தமுத்து தோள் துண்டால் பலகையிலிருந்த கோடுகளை எல்லாம் துடைத்துவிட்டுச் சிலேட்டில் எழுதினார்: ‘என் மூஞ்சிக்கிச் சிரிச்சுதுங்க. மூஞ்சிய புஸ்தகத்துல ஒட்டி விக்க முடியுமா?’

“அட்டையில போட்டுடலாம் மச்சான்” என்றார் ஹாஜா பாய்.

காத்தமுத்து சிரிக்கவில்லை. ஒரு நகைச்சுவைக்கு அவர் சிரிக்காமல் இருந்ததை நான் கண்டது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து வசந்தா அம்மையார் செல்பேசியில் அழைத்தார். “பேனாவ பீரோவுல வச்சிப் பூட்டிட்டாரு சார். செவத்தப் பாத்துக்கினே ஒக்காந்திருக்காரு. நீங்களாவது வந்து இன்னான்னு கேளுங்க.”

5. இதுவரை சோதிக்காதது

கிள்ளைக்குப் போகும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று எண்ணிக்கொண்டே போனேன். வீட்டில் அவர் எதிரே அமர்ந்ததும், நயமாகச் சொல்ல நினைத்தது நேராகவே வந்துவிட்டது.

“ஐயா, இத்தனை ஆண்டும் அந்த வகுப்பில் பிள்ளைகள் சிரித்தது உங்கள் கதைக்கா, உங்கள் குரலுக்கா? அதை நாம் சோதித்துப் பார்த்ததே இல்லையே. புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு நீங்களும் இல்லை, நானும் இல்லை, ஆசிரியையும் இல்லை.”

அவர் சிலேட்டை எடுத்தார். சிலேட்டில் ஏதோ எழுதி அழித்தார். மறுபடி எழுதிக் காட்டினார்.

‘அப்ப பழய புஸ்தகமெல்லாம்?’

தெரியவில்லை என்றே சொன்னேன். ஒரு கதையைச் சோதிக்க அழைக்க வந்தவன், அவர் வாழ்நாள் உழைப்பையே சோதனைக்கு இழுத்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன். பொய் சொல்லி எழுந்து வந்திருக்கலாம். அடுப்படியிலிருந்து வந்த வசந்தா அம்மையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னாத்துக்கு இப்படி ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்கீங்க? புள்ளைங்க கையில குடுத்துப் பாத்துட்டு வாங்களேன்” என்றார்.

லேஅவுட்டை நகலெடுத்து, ஸ்டேபிள் பின் அடித்து, பிள்ளைக்கு ஒன்றாகக் கொண்டுபோனோம். கதை கேட்டிராத வேறு வகுப்பு. வாய்விட்டுப் படிக்க வேண்டாம், தேர்வு இல்லை, கேள்வி இல்லை என்று தமிழரசி ஆசிரியை உறுதி கூறினார். காத்தமுத்து கரும்பலகையைப் பார்த்து நின்றார். நான் அவர் அருகில் நின்றேன்.

முதலில் தாள் புரளும் ஓசை மட்டுமே கேட்டது. பிறகு சன்னலோரமாக ஒரு சிறு செருமல். அது சிரிப்பா இருமலா என்று விளங்கவில்லை. நடுவரிசையில் யாரோ மூக்கு வழியாகச் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவன் வெடித்தான். அவன் அடங்கியபின் வேறு மூலையில் இன்னொருத்தி. எல்லாரும் ஒன்றாகச் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு பக்கத்தில் இருந்தார்கள். எந்த இடத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று அறிய வழியில்லாமல், காத்தமுத்துவின் சுண்ணக்கட்டி அந்தரத்திலேயே நின்றது. வேறு வழியின்றித் திரும்பினார். நானும் திரும்பினேன்.

ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. தலைகள் எல்லாம் தாளுக்குள் இருந்தன. முன்வரிசையில் விரைவாகப் படித்துவிட்ட ஒருத்தி, பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தாள்.

“ஏய், அந்தச் செக்கரு வந்து இன்னா பண்றாரு தெரியுமா...”

“சொல்லாதடி. நான் இன்னும் அங்க வரல.”

காத்தமுத்து சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தார். பிறகு பிள்ளைகளின் வரிசைகளுக்கிடையே மெல்ல நடந்தார். குனிந்து அவர்கள் தாளைப் பார்த்தார். யார் எந்தப் பக்கத்தில் தங்குகிறார்கள், எந்தப் பக்கத்தைப் படிக்காமலே புரட்டுகிறார்கள் என்று கண்டார். ஒரு சுற்று முடித்துத் திரும்பியவர் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தாமே உருவி, நகலில் ஒரு பக்கத்தின் குறுக்கே நீண்ட கோடு கிழித்தார். வெள்ளாற்றின் மீது மாலைவெயில் படிவதை ஆடு பேருந்துச் சன்னல் வழியாகப் பார்க்கும் பக்கம். அந்நூலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுவே. நான் வாய் திறக்குமுன் சிலேட்டு வந்துவிட்டது: ‘ஆடு ஆத்தையெல்லாம் பாக்காது புலவரே. நீங்கதான் பாப்பீங்க.’

பேனாவைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

6. வெற்றுப் பக்கம்

செய்தியைக் கேட்ட ஹாஜா பாய் அல்லாவுக்கு நன்றி கூறினார். அடுத்த நொடியே தலையில் கைவைத்துக்கொண்டார். “ஒரு பேஜ எடுத்தா ஃபாரம் கணக்கு ஒதைக்குமே புலவர். பதினாறு பக்கம் சேந்துதான ஓடணும்?” உண்மைதான். இடைவெளியை நிரப்பப் புதிதாக ஒரு பக்கம் எழுதித் தருமாறு காத்தமுத்துவைக் கேட்டோம். எழுத முடியும் என்றும், எழுதினால் அது நிரப்ப எழுதியதாகத்தான் இருக்கும் என்றும் அவர் எழுதிக் காட்டினார். அந்தப் பக்கம் வெறுமையாகவே விடப்பட்டது. அடியில் ‘ஆட்டை நீயே வரை’ என்ற மூன்று சொற்கள் மட்டும். கடலூர்ப் புத்தகக் கண்காட்சிக்கு நூல் வந்து சேர்ந்தது. அச்சுப் பிழை என்று நினைத்துப் பக்கத்தைக் காட்டி மாற்றிக் கேட்ட பெற்றோரும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் புத்தகத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

இப்போது அவர் எழுதும் கதைகள் பள்ளிக்கு நகல்களாகவே போகின்றன. பழைய நூல்களையும் ஒவ்வொன்றாக அவ்வாறு எடுத்துச் செல்கிறோம். சிலவற்றில் பிள்ளைகள் பக்கங்களைத் தாண்டுகிறார்கள். மறுபதிப்புக்கு அவற்றைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். அதில் அவருக்கு வருத்தமில்லை, வேலை மிகுதி என்ற புலம்பல் மட்டுமே.

பதிப்புத்துறைக்கு வரும் இளையோர்க்கு இவ்வனுபவத்திலிருந்து ஒன்று கூறலாம். ஆசிரியரின் புகழையும், அவர் வாசிக்கும் அழகையும், அவர்மேல் நமக்குள்ள அன்பையும் வைத்து ஒரு நூலை நாம் எடைபோட்டுவிடுகிறோம். நூல் போய்ச் சேரும் வீடுகளில் இவற்றுள் எதுவும் இராது. அங்கே அது தனியாக என்ன செய்கிறது என்பதை, அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறையேனும் ஒதுங்கி நின்று பாருங்கள். பார்க்க அச்சமாகத்தான் இருக்கும். காத்தமுத்துவுக்கும் அச்சமாகத்தான் இருந்தது.