மாப்பிள்ளையின் தாய் கேட்ட ரோஜா நிறம்

கொரியாவின் தோங்யோங் கடற்கரையில் சிப்பி உடைக்கும் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் தரை, சுவர், ஓட்டுக்குவியல், வெளியே கடல், எல்லாமே சாம்பல் நிறம்தான். அங்கேதான் மால்சுன் தன் ஆயுசில் பாதியைக் கழித்தாள். புருஷன் போன பிறகு மாமியார் எடுத்துக் கொடுத்த உடுப்புகளும் சாம்பல் நிறம். அவள் மறுத்துப் பேசவில்லை. மகன் தேயுனை வளர்க்கும் வேலை தலைக்குமேல் கிடந்தது.

இப்போது அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைப் பெற்றவள் நீல ஹான்போக் என்னும் கொரியப் பட்டுடுப்பு, பெண்ணைப் பெற்றவள் ரோஜா நிற ஹான்போக் உடுத்தி, கைகோத்து மேடையேறி மெழுகுவத்தி ஏற்றுவதுதான் வழக்கம். வாடகைக் கடையில் மால்சுன் அடர் ரோஜா நிறத்தைக் கையில் எடுத்தாள்.

கடைக்காரி, வருகிறவர்களின் முகவாய்க்குக் கீழே துணிகளை மாற்றி மாற்றிப் பிடித்துக் குணம் சொல்கிறவள். "நீலம் புடிச்சவங்க பொறுமைசாலிங்க. இந்தக் கலரைக் கேக்குறவங்க, எல்லாரும் தன்னையே பாக்கணும்னு ஏங்குறவங்க, அக்கா."

"ஆமா, ஏங்குறேன். அது என்ன வியாதியா? மடிச்சுக் குடு."

கூட வந்திருந்த தேயுனின் முகம் சுண்டிப்போனது. "அம்மா, ஒரு நாள்தானே? நீலத்தைப் போட்டுக்கயேன். பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"அந்த ஒரு நாளைத்தான் நானும் கேக்குறேன். வந்தா இதுலதான் வருவேன். வேணாம்னா சொல்லிடு."

சொல்லிவிட்டாளே தவிர, நிஜமாகவே வேண்டாம் என்றுவிடுவானோ என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

கல்யாண மண்டப வாசலில் ஒரு பெண், "பொண்ணோட அம்மாவா? அந்தப் பக்கம் போங்க" என்று கைகாட்டினாள்.

"மாப்பிள்ளையோட அம்மா!" என்று கூடம் அதிரச் சொன்னாள் மால்சுன். பக்கத்தில் நின்ற தேயுனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் அவன் நகர்ந்து போகவில்லை.

மணப்பெண்ணின் தாய் மியோங்ஹி வெளிர் ரோஜாவில் வந்து கைகோத்தாள். நடக்க நடக்க அவள் பிடி இறுகியது. "என்ன சம்மந்தி இது? என் கலரை எடுத்துக்கிட்டீங்களே?" என்றாள், பல்லைக் கடித்தபடி.

"உங்களுக்கு இந்தக் கலர் அவ்ளோ புடிக்குமா?"

மியோங்ஹி தன் உடுப்பைக் குனிந்து பார்த்தாள். மேடைப்படி வந்துவிட்டது.

"தெரியலயே. என்னை யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்குறேன்ல, சொல்லுங்க," என்றபடி மால்சுன் தன் மெழுகுவத்தியை ஏற்றினாள்.

மியோங்ஹி தன்னுடையதை ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள். "மஞ்சள்," என்றாள், சபைக்கே கேட்கும்படி.