அப்பா சம்மர் கட் அடிச்ச ஊட்டிப் பூ

டிசம்பர் பொறந்தா எங்க சாந்தோம் வீட்ல ரெண்டு வாசனை சேர்ந்தே வரும். உள்ள அச்சு முறுக்கு எண்ணெய்... வெளிய ஈரச் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு, ஸ்டார், குடில் எல்லாத்துக்கும் அப்பாதான் இன்சார்ஜ். ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். பசங்க முடி காதைத் தொட்டாலே அவருக்குப் பொறுக்காது. செடிகளுக்கும் அதே ரூல்தான். சுவர் காஞ்சதும் பெரிய கத்திரிக்கோலோட தொட்டிங்களைச் சுத்தி ஒரு ரவுண்ட் வருவார்.

அந்தத் தொட்டிங்கள்ல ஒண்ணு ஹைட்ரேஞ்சியா. எங்க வீட்ல அதுக்குப் பேரு ஊட்டிப் பூ. கல்யாணமான புதுசுல ஊட்டிக்குப் போனப்ப, அது நீலமா கொத்துக் கொத்தா பூத்திருந்ததைப் பார்த்து அம்மா அப்படியே நின்னுட்டாங்களாம். நம்ம வீட்ல ஒரு தடவை இது பூத்தா போதும்னாங்களாம். ரொம்ப வருஷம் கழிச்சு, ஸ்கூல் டூருக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போன அப்பா, பஸ்ல மடியிலயே வெச்சு ஒரு செடியைக் கொண்டுவந்தார்.

இலை நல்லா வந்துச்சு... பூ மட்டும் வரல.

அப்பா விடற ஆளா? வெயில் படாம கிணத்தடி ஓரமா மாத்தினார். அம்மாவோட பழைய காட்டன் புடவையை மேல பந்தலா கட்டினார். டீத்தூள் போட்டார். கோடையில ஃப்ரிட்ஜ்ல இருந்து ஐஸ் கட்டி எடுத்து மண்ணு மேல வெப்பார், செடி ஊட்டியில இருக்கறதா நினைச்சுக்கணுமாம். எங்க லெமன் ஜூஸுக்கு ஐஸ் மிஞ்சாது.

பூக்கலைன்னா போகட்டும் விடுங்கன்னு அம்மா சொல்லிப் பார்த்தாங்க. "அடுத்த வருஷம் பாரு"ன்னுவார். வருஷா வருஷம் இதே டயலாக். டிசம்பர் வந்ததும், கிறிஸ்மஸுக்கு வர்றவங்க முன்னாடி பரட்டைத் தலையோட நிக்கக்கூடாதுன்னு அதுக்கும் ஒரு சம்மர் கட்.

நான் காலேஜ் கடைசி வருஷம் படிக்கறப்ப, மழைக்காலத்துல அப்பா போயிட்டார். ஹார்ட் அட்டாக். காலையில கிரவுண்டுக்குக் கிளம்பினவர் திரும்பி வரல.

துக்க வருஷத்துல எங்க வீடுகள்ல கிறிஸ்மஸ் கிடையாது. ஸ்டார் இல்ல, குடில் இல்ல, அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறல. அக்கம்பக்கத்துல இருந்துதான் பலகாரம் வந்துச்சு. சுவர் பாசியோட நின்னுச்சு. கத்திரிக்கோல் ஆணியில தொங்கிச்சு. ஊட்டிப் பூச்செடி இஷ்டத்துக்கு வளர்ந்து சாய்ஞ்சு கிடந்துச்சு. தண்ணி மட்டும் ஊத்தினோம், அதுவும் பழக்க தோஷத்துல.

ஈஸ்டருக்கு முன்னாடி, தவக்காலத்துல ஒரு காலையில, துணி காயப்போடப் போன அம்மா என்னைக் கூப்பிட்டாங்க.

கொம்பு நுனியில பூ.

ஊட்டியில பார்த்த சைஸ் எல்லாம் இல்ல, ஒரு உள்ளங்கை அளவுதான். நீலமும் இல்ல. எங்க போர் தண்ணிக்கு வெளிறின ரோஸ் கலர்ல வந்திருந்துச்சு.

அம்மா அந்தக் கொம்பை விரலால கீழ வரைக்கும் தடவிப் பார்த்தாங்க. அப்பாவோட கத்திரி வழக்கமா விழற இடம் அவங்களுக்குத் தெரியும். பூ அதுக்கு மேல இருந்துச்சு.

"இந்த வருஷம்தான் இதை யாரும் வெட்டல, இல்ல?"

கேட்டுட்டு சிரிக்க ஆரம்பிச்சாங்க. சிரிப்பு நடுவுல அழுகையாயிடுச்சு.

கல்லறைக்கு எடுத்துட்டுப் போலாமான்னு கேட்டேன்.

"வேணாம்டி. உங்கப்பா வெட்டினதே போதும்."

காஞ்சு பழுப்பாகற வரைக்கும் அது செடியிலயே இருந்துச்சு.

இப்ப அடையார்ல ஃப்ளாட். இந்த வகை பழைய கொம்புலதான் பூக்கும், வருஷக் கடைசியில நுனியை வெட்டினா மொட்டும் சேர்ந்து போயிடும்னு யூடியூப்ல ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறாங்க. அப்பாவுக்கு அதைச் சொல்ல ஆள் இல்ல. அந்தச் செடியோட கொம்பை நட்டு வந்த செடிதான் இப்ப பால்கனியில இருக்கு. டிசம்பர்ல நாங்க அதுல கை வைக்கறதில்ல. ட்ரிம் பண்ணலையான்னு வர்றவங்க கேப்பாங்க... அம்மா கேக் தட்டை நீட்டுவாங்க.

பழைய கிறிஸ்மஸ் போட்டோ எல்லாத்துலயும் குடிலுக்குப் பக்கத்துல அப்பா நிக்கறார். அவர் பக்கத்துல, புதுசா முடிவெட்டின அந்தச் செடி. ரெண்டு பேரும் அட்டென்ஷன்ல.

போன வாரம் பால்கனியில ஒரு பூ விட்டுச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அந்தப் பூக்காத டிசம்பர்தான் வேணும்.